மற்றும் பலர்

பத்திரிகைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் தொலைபேசியில் பேசினார். பள்ளி ஆண்டுவிழாப் படம் ஒன்று வந்திருக்கிறது, மேடை நிறைய ஆட்கள், பாதிப் பேருக்குத்தான் பெயர் தெரியும், ‘மற்றும் பலர்’ என்று முடித்துவிடலாமா அக்கா என்று கேட்டார். “முடிச்சிடு. ஆனா அந்தப் பலர் யாருன்னு படத்தை ஒரு தடவ பாத்துட்டு முடி” என்றேன். அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, “எல்லாம் டீச்சர்மாராக்கும் அக்கா” என்றார்.

மறுநாள் பத்திரிகையில் டீச்சர்மாரின் பெயர்கள் வந்திருந்தன. தாளாளரின் மைத்துனர் பெயர் விட்டுப்போயிருந்தது. அவர் கட்டாயம் தொலைபேசியில் கூப்பிட்டிருப்பார். பரவாயில்லை, தொழிலில் அதுவும் உண்டு.

நாகர்கோவில் பதிப்பில் நிருபராகச் சேர்ந்து, மாவட்டப் பக்கத்தின் பொறுப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். தலைப்பு எப்படிப் போடுவது, செய்தியை எப்படிச் சுருக்குவது என்பதெல்லாம் நீங்கள் மேசையில் உட்கார்ந்தாலே வந்துவிடும். நான் சொல்ல வருவது படத்துக்குக் கீழே எழுதும் அந்த ஒற்றை வரியைப் பற்றி. அதில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்பதைப் பற்றி. ஏனென்றால் நாம் இன்றைக்கு விட்டுவிட்ட பெயரை நாளைக்கு வரலாறு எழுத வருகிறவர் கண்டுபிடிக்கப் போவதில்லை. அவர் நம்முடைய பழைய பத்திரிகையைத்தான் புரட்டுவார்.

நான் சேர்ந்தபோது எங்களுக்கு ஒரு செய்தி ஆசிரியர் இருந்தார். கதர்ச் சட்டை, பையில் எப்போதும் இரண்டு பேனா. திட்டமாட்டார். தப்பாக எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். திரும்பி வருவதற்குள் நாம் தப்பைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். நான் எழுதிய முதல் படவிளக்கத்தைப் பார்த்துவிட்டு அவர் எனக்கு ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்தார்.

“பிள்ளே, எடம் இல்லன்னா பொம்பளைங்க பேரை வெட்டு. ஆம்பிள பேரு விட்டுப்போச்சுன்னா விடியக்காலமே போன் வரும். பொம்பள போன் செய்யமாட்டா.”

அதை அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது, குடை எடுத்துக்கொள் என்று சொல்வதைப் போலச் சொன்னார். உண்மையும் அதுதான். அத்தனை வருட வேலையில், ‘என் பெயர் ஏன் வரவில்லை’ என்று கேட்டு என்னிடம் தொலைபேசியில் பேசிய பெண்கள் மிகக் குறைவு. நம் மாவட்டத்துப் பெண்கள் பேசத் தெரியாதவர்களா என்ன? ஆசிரியைகளும் நர்சுகளும் வக்கீல்களும் இங்கே வீட்டுக்கு ஒருவர். வளைகுடாவில் வேலை பார்த்து வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். மீன் சந்தையில் ஒரு பெண்ணிடம் விலை பேசிப் பாருங்கள், தெரியும். ஆனால் பத்திரிகையில் தன் பெயரைக் கேட்டு வாங்குவது என்பது அவர்களுக்கு ஏதோ கல்யாண வீட்டில் கூப்பிடாமல் பந்தியில் உட்காருவது மாதிரி.

அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரிந்தது பல வருடம் கழித்து. மாவட்டத்தின் வரலாற்றைப் பற்றி ஒரு சிறப்பு மலர் போடுவதாக முடிவாகி, பழைய படங்களைத் தேடும் பொறுப்பு எனக்கு வந்தது. முட்டம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் குடிநீர் கேட்டு நடந்த மறியலின் படம் கிடைத்தது. நல்ல படம். சாலையின் குறுக்கே மூன்று பெண்கள் காலி குடங்களை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு பேருந்து நிற்கிறது. அதன் சக்கரத்துக்கும் அவர்களுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் இடம்தான். பெண்களுக்குப் பின்னால், பத்திரமான தூரத்தில், ஒருவர் கைகட்டி நிற்கிறார். படத்தின் கீழே அவர் பெயர் மட்டும் இருந்தது. அவருடைய தலைமையில் பொதுமக்கள் மறியல் செய்தார்களாம்.

படத்தை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். மீன் ஏலம் முடிந்து பெண்கள் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிலோமினா என்ற அம்மாள், எழுபதைத் தாண்டியவர், படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார்.

“ஏட்டி, இஞ்ச வந்து பாருங்கட்டி! இடது பக்கம் இருக்கது நானாக்கும். நடுவுல எனக்க மயினி, அண்ணம் பொண்டாட்டி. அவ போயிட்டா, பாவம்.”

“மூணாவது ஆளு யாரும்மா?” என்று கேட்டேன்.

பிலோமினா பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். அந்தப் பெண் முகத்தைத் திருப்பி டிரைவரிடம் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். முகத்தில் பாதிதான் தெரிகிறது. “இது எங்க அம்மையாக்கும்” என்றார் ஒருவர். “போட்டி, ஒங்க அம்மைக்கு இந்த உயரம் ஏது? இது எங்க சித்தி” என்றார் இன்னொருவர். கடைசியில் நாலைந்து வீட்டுக்காரர்கள் அவர் தங்கள் ஆள்தான் என்று சண்டை போட்டார்கள். எல்லோரும் உண்மையாகத்தான் சொன்னார்கள். அந்தப் பெண் தங்கள் அம்மாவாக இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. யார் என்று யாருக்கும் நிச்சயமில்லை.

மலரில் இரண்டு பெயர் போட்டு, மூன்றாமவர் பெயர் தெரியவில்லை என்று எழுதினோம். பக்கத்தைப் பார்த்த செய்தி ஆசிரியர், அப்போது ஓய்வு பெற்றிருந்தார், அலுவலகத்துக்கே வந்துவிட்டார். தேநீர் வாங்கித் தந்தார். “நான் ஒனக்கு ஒரு கணக்கு சொல்லித் தந்தேன் இல்லியா பிள்ளே? பொம்பள போன் செய்யமாட்டான்னு. மூணாவது ஆளுக்க வீட்டுல அன்னைக்கு போனே இருந்திருக்காது, இல்லியா?” என்றார். டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இனி நான் சொல்ல வந்த கதை. அது நடந்தது சில வருடங்களுக்கு முன்புதான், அருமனைக்கு மேற்கே உள்ள ஓர் ஊரில்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. செய்தி எடுக்கப் போன நான், சாலை துண்டிக்கப்பட்டதால் நாகர்கோவிலுக்குத் திரும்ப முடியாமல் அருமனையில் என் தங்கை வீட்டில் தங்கிவிட்டேன். விடியும்போது எங்கள் புகைப்படக்காரர் ஜஸ்டின் பைக்கில் வந்து நின்றார். பக்கத்து ஊரில் பஞ்சாயத்துக் குளம் நிரம்பி வழியப் போகிறது என்றார். ஏறி உட்கார்ந்தேன்.

ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேலே ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த சரிவு. அதன் அடியில் குளம். குளத்துக்குத் தெற்கே, கரைக்குக் கீழே, ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்களின் வீடுகள். கிழக்கே வாழைத் தோட்டம், அதைத் தாண்டினால் ஓடை. குளத்தின் பழைய மடை என்றைக்கோ அடைத்துக்கொண்டது. தெற்குக் கரை உடைந்தால் வீடுகள் போகும். கிழக்குக் கரையை நாமாக வெட்டிவிட்டால் தண்ணீர் வாழைத் தோட்டம் வழியாக ஓடைக்குப் போய்விடும். வாழை போகும், வீடு பிழைக்கும்.

கரையில் குடைகளும் தார்ப்பாய்களுமாகக் கூட்டம். ஒரு ஜேசிபி தயாராக நின்றது. கூட்டத்தின் நடுவே, இரண்டு கையிலும் செல்போனோடு ராஜன். சவுதியில் இருந்துவிட்டு வந்து ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிறவர். ஊரே அவரைப் ‘பிரசிடெண்டு’ என்றுதான் கூப்பிடும். உண்மையில் தேர்தலில் நின்று வென்ற தலைவர் அவருடைய மனைவி ஷைனி. பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி. கூட்டங்களுக்கு ஷைனி வருவாள், கையெழுத்துப் போடுவாள். பேசுவது ராஜன்தான். மோசமான மனிதரல்ல. மனைவிக்குச் சிரமம் வேண்டாம் என்று நினைக்கிற வகை.

“தாலுகா ஆபீசுல மேல கேட்டுட்டு சொல்லுவாங்களாம்” என்று ராஜன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே உள்ளவர்கள் இன்னும் மேலே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மாவட்டம் முழுக்கத் தண்ணீர். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

ஷைனி அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். வீடுகளில் இருந்தவர்களை இருட்டோடு எழுப்பி அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது அவளும் நூறு நாள் வேலைப் பெண்களும்தான். சுடிதார் முழங்கால்வரை சேறு, தலையில் ஒரு தோர்த்துத் துண்டு. நேராகத் தெற்குக் கரையின் அடிக்கு இறங்கிப் போனாள். அங்கே கசிந்த தண்ணீரைக் குனிந்து பார்த்தாள். ஏறி வந்து கணவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“கலங்கலா வெள்ளம் வருது. மண்ணு கரைய ஆரம்பிச்சாச்சு. இனி யாருக்காவயும் காத்திருக்க முடியாது. கெழக்க வெட்டணும்.”

ராஜன் வாழைத் தோட்டத்தைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அந்தத் தோட்டம் ராஜனின் சித்தப்பா தங்கையனுடையது. குலை தள்ளி நிற்கிற ஏத்தன் வாழை. குடும்பத்தில் மூத்தவர் அவர். தேர்தலில் ஷைனிக்காக வீடு வீடாக நடந்தவரும் அவர்தான்.

“சித்தப்பாட்ட ஒரு வார்த்த கேக்காண்டாமா? ஆளு குலசேகரம் போயிருக்காரு. லைன் கிட்ட மாட்டேங்குது” என்றார் ராஜன்.

மழை ஷைனியின் முகத்தில் வழிந்தது. அவள் பயந்துபோயிருந்தாள், அதை நான் பார்த்தேன்.

“கேட்டா வேண்டாம்னு சொல்லுவாவ. அவிய வேண்டாம்னு சொன்ன பொறவு வெட்டினா, மாமாவ எதுத்து வெட்டினதாவும். கேக்காம வெட்டினா தப்பு எனக்க மேல மட்டும்தான்” என்றாள்.

பிறகு ஜேசிபி அருகே போனாள். ஓட்டுகிறவர் சுனில், பக்கத்து ஊர்க்காரர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவர் ஷைனியைப் பார்க்காமல் ராஜனைப் பார்த்தார்.

“பிரசிடெண்டு சொல்லட்டு” என்றார்.

“மக்கா சுனில், அங்க என்ன பாக்கிய? இஞ்ச பாரு. பிரசிடெண்டு நானாக்கும். நான் சொல்லியேன். வெட்டு.”

சுனில் வெட்டினார். கரை வாய் திறந்ததும் தண்ணீர் ஒரு சத்தத்தோடு போனது. வாழைகள் ஒவ்வொன்றாகக் குலையோடு சாய்ந்ததைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. பெண்கள் மணல் மூட்டைகளைத் தெற்குக் கரைக்கு உருட்டிக்கொண்டிருந்தார்கள். குளத்தின் மட்டம் பையப் பைய இறங்கியது. தெற்குக் கரையில் கசிவு குறைந்தது. கீழே வீடுகளின் ஓடுகள் மழையில் கழுவப்பட்டு அப்படியே இருந்தன. ஜேசிபி பக்கத்தில் ஷைனி கையை நீட்டி நிற்கும் நேரத்தில் ஜஸ்டின் ஒரு படம் எடுத்திருந்தார். அவர் எடுத்ததிலேயே சிறந்த படங்களில் அது ஒன்று.

மழை சற்று ஓய்ந்ததும் அதிகாரிகள் வந்தார்கள். ராஜன் அவர்களைக் கரைமேல் அழைத்துப்போய்க் கை நீட்டி விளக்கினார். படம் எடுத்தார்கள். ஷைனி அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்குக் கஞ்சி ஆயிற்றா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் துரத்தவில்லை. அவள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தாள். கேமரா வேறு இடத்தில் இருந்தது. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது பிள்ளைகளே. சதி என்று ஒன்றும் தேட வேண்டாம்.

நான் அவளைத் தேடிப் பள்ளி வராந்தாவுக்குப் போனேன். அவளே என்னை ஓரமாகக் கூட்டிப்போனாள்.

“அக்கா, ஒரு உபகாரம் செய்யணும். எனக்க பேரப் போடாதீங்க. பஞ்சாயத்து சார்பா வெட்டினோம்னு எழுதிருங்க, போதும்.”

“ஏன் மக்கா?”

“மாமா வந்து பாத்தா நெஞ்சு ஒடஞ்சு போவாவ. அதுல பேப்பர்லயும் மருமவ வெட்டினான்னு வந்தா, பொறவு நான் அந்த வீட்டுப் படி ஏற முடியுமா? எனக்குப் பேரு வேண்டாம். வீடு பொழச்சுதே, அது போரும்.”

இது போன்ற இடத்தில்தான் நீங்கள் அவசரப்படக் கூடாது. அவள் கேட்டது பொய் அல்ல. பெயர் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் முட்டத்தில் குடத்தோடு உட்கார்ந்திருந்த அந்த மூன்றாவது பெண் என் கண்முன் வந்து நின்றாள். ‘உங்கள் பெயரைப் போடுவது என் கடமை’ என்று ஷைனியிடம் நான் பிரசங்கம் செய்திருக்கலாம். மறுநாள் பத்திரிகை எனக்கு, அதற்குப் பிறகு வரும் நாட்கள் அவளுக்கு. அவளுடைய குடும்பத்தில் குடியிருக்கப் போவது நான் இல்லை.

அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

“உன் பேரு போடலைன்னா வாசிக்கிற எல்லாரும் உன் வீட்டுக்காரர் வெட்டினாருன்னுதான் வாசிப்பாங்க. நன்மைன்னாலும் அவருக்கு, வம்புன்னாலும் அவருக்கு. அதையும் யோசிச்சுக்கோ. நான் சாயங்காலம்தான் செய்தி அனுப்பணும். அதுவரைக்கும் அனுப்பமாட்டேன்.”

அவள் தலையை ஆட்டினாள். கஞ்சிப் பானையை இறக்க யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

மத்தியானத்துக்குப் பிறகு நாகர்கோவில் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அதிகாரிகள் தங்களுக்கு அனுப்பிய குறிப்பில் ‘ஊராட்சித் தலைவர் ராஜன்’ என்று இருக்கிறதாம், அப்படியே போடலாமா என்றார்கள். போடாதீர்கள், என்னிடமிருந்து வரும்வரை பக்கத்தை மூடாதீர்கள் என்றேன். எதிர்முனையில் இருந்தவர் முணுமுணுத்தார். ஒரு நிருபர் தன் அலுவலகத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டிய நேரம் எப்போதாவது வரும். அதற்காக மற்ற நாட்களில் நல்ல பெயர் சம்பாதித்து வைத்திருக்க வேண்டும்.

சற்று நேரத்தில் ஷைனி கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

“அக்கா, சுனில போலீசு கூட்டிட்டுப் போயாச்சு.”

நடந்தது இது. தங்கையன் குலசேகரத்திலிருந்து திரும்பி வந்து தோட்டத்தைப் பார்த்திருக்கிறார். நேராக ஸ்டேஷனுக்குப் போய், யாரோ கரையை வெட்டித் தன் வாழையை அழித்துவிட்டார்கள் என்று புகார் கொடுத்துவிட்டார். போலீஸ் ஜேசிபிக்காரரைப் பிடித்தது. மனைவியை இதில் இழுக்கக் கூடாதென்று ராஜன் ஓடிப்போய், “வெட்டச் சொன்னது நாந்தான்” என்று சொல்லிவிட்டார். அங்கேதான் சிக்கல் இரண்டாயிற்று. பஞ்சாயத்துக் குளத்தின் கரையை வெட்டச் சொல்ல ராஜனுக்கு என்ன அதிகாரம்? பிரசிடெண்டு என்று ஊர் கூப்பிடலாம், சட்டத்தில் அவர் ஒரு ரப்பர் வியாபாரி. தலைவர் சொல்லி வெட்டினால் அவசர நடவடிக்கை. வியாபாரி சொல்லி வெட்டினால் குற்றம்.

“நான் ஸ்டேசனுக்குப் போறேன். நீங்க வருவியளா?” என்றாள் ஷைனி.

ஜஸ்டினும் நானும் போனபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். சேறு பட்ட சுடிதாரை மாற்றிச் சேலை கட்டியிருந்தாள். உள்ளே சுனில் ஒரு பெஞ்சில், தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எதிரே தங்கையன், வெள்ளை வேட்டி முழுக்கச் சேறு. தோட்டத்துக்குள் இறங்கி நடந்திருக்கிறார். ராஜன் சுவரோரமாக நின்றார். இன்ஸ்பெக்டர் ஷைனியைப் பார்த்துவிட்டு, “நீங்க உக்காருங்கம்மா, உங்க வீட்டுக்காரரோட பேசிக்கிட்டிருக்கோம்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

“சார், நான் ஊராட்சி மன்றத் தலைவர். கரைய வெட்டச் சொன்னது நான். அந்தப் பய்யன் நான் சொன்னதத்தான் செஞ்சான்.”

“உங்க வீட்டுக்காரர் அவர்தான்னு சொல்றாரே?”

“அவிய எனக்காகச் சொல்லியாவ சார். அவியளுக்கு அந்த அதிகாரம் இல்ல. எனக்குத்தான் உண்டு.”

இன்ஸ்பெக்டர் ராஜனைப் பார்த்தார். அந்த அறையில் இருந்த எல்லோரும் ராஜனைப் பார்த்தோம். அவர் ஏதாவது சொல்லிக் குழப்பிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ராஜன் சுவரை விட்டு முன்னால் வந்தார்.

“சரிதான் சார். அவதான் பிரசிடெண்டு” என்றார்.

சாதாரண வார்த்தை. ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனால் அதை அவர் வாயால் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

ஷைனி எழுதிக் கொடுத்தாள். தெற்குக் கரை எப்படி இருந்தது, யாரிடமெல்லாம் தகவல் சொன்னார்கள், ஏன் காத்திருக்க முடியவில்லை என்று. இன்ஸ்பெக்டர் படித்துப் பார்த்துவிட்டு, சுனிலைப் போகச் சொன்னார். சுனில் எழுந்து நின்றும் போகாமல் ஷைனியைப் பார்த்தார். “போ மக்கா, வீட்டுல தேடுவாவ” என்றாள்.

அப்புறம்தான் தங்கையன் வாயைத் திறந்தார்.

“ஏட்டி ஷைனி, எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கப்பிடாதா?”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பிய மாமா?”

பெரியவர் தன் சேற்றுக் காலைப் பார்த்தார். நேர்மையான மனிதர். பொய் சொல்ல வரவில்லை.

“வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்.”

“அதான் கேக்கல்ல.”

அவர் எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனார். ஷைனி அப்போதுதான் அழுதாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து என்னிடம் சொன்னாள்.

“இனி போடுங்க அக்கா. எனக்க பேரயே போடுங்க. வம்பு வந்தா எனக்கு வரட்டு. அந்தப் பய்யனுக்கும் இவியளுக்கும் வராண்டாம்.”

அங்கேயே ஜஸ்டினின் பைக் மேல் சாய்ந்து நின்று செய்தியை அனுப்பினேன். படத்துக்கு விளக்கம் எழுதும்போது ஜஸ்டின் எட்டிப் பார்த்தார். பின்னணியில் மணல் மூட்டை உருட்டும் பெண்களின் பெயர்களையும் ஷைனியிடம் கேட்டு வாங்கி எழுதியிருந்தேன்.

“இம்புட்டு பேருக்கு எடம் எங்க அக்கா இருக்கு?” என்றார்.

“செய்தில கடைசி பாரா எதுக்கு இருக்கு? அத வெட்டச் சொல்லிட்டேன்” என்றேன். அந்தக் கடைசிப் பத்தியில் வானிலை பற்றி நான் அழகாக ஏதோ எழுதியிருந்தேன். இப்போது அது என்னவென்று எனக்கே நினைவில்லை. அந்தப் பெண்களின் பெயர்கள் நினைவில் இருக்கின்றன.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எல்லாப் பெண்ணின் பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. ஷைனி மத்தியானம் வேண்டாம் என்று சொன்னபோது நான் போட்டிருந்தால், செய்தியில் தப்பில்லை, ஆனால் அது அவளிடமிருந்து பிடுங்கியதாக இருந்திருக்கும். வேண்டாம் என்று சொன்னதுமே சரி என்று எழுதி அனுப்பியிருந்தால், இன்றைக்கு யாராவது அந்த வெள்ளத்தைப் பற்றித் தேடினால் ராஜன் காப்பாற்றிய ஊர் என்றுதான் படிப்பார்கள். காத்திருப்பதும் நம் வேலையில் ஒரு பகுதி. பெயர் என்பது புகழுக்கு மட்டும் இல்லை என்பதை எனக்குச் சொல்லித் தந்தது அந்தப் போலீஸ் ஸ்டேஷன். முடிவெடுத்தவர் யார் என்று தெரியாவிட்டால், கூலிக்கு வண்டி ஓட்டியவர்தான் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும்.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தங்கையன் மறுநாளே புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பேச்சு மட்டும் ஒரு வருடம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஷைனி முறுக்கும் அச்சப்பமும் கொண்டுபோய் அவர் வீட்டு மேசையில் வைத்துவிட்டு, பேசாமல் திரும்பி வந்தாளாம். அடுத்த ஈஸ்டருக்கு அவரே ஒரு வாழைக்குலையை அவள் வீட்டில் இறக்கிவிட்டு, பேசாமல் போனாராம். இப்படிப் பேசாமலேயே சமாதானம் ஆகியிருக்கிறார்கள்.

இந்த வருடம் நான் அந்த ஊருக்குப் போனேன். ஷைனியின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் இன்னும் நடக்காததால் இப்போது தலைவர் பதவியில் யாரும் இல்லை. ஆனாலும் அவள் வீட்டு முற்றத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஒருவருக்கு ரேஷன் கார்டில் குழப்பம், ஒரு பெண்ணுக்கு மகளின் கல்லூரி விண்ணப்பம். “பிரசிடெண்டு உள்ள இருக்கா” என்று எனக்கு வழி காட்டினார்கள். ராஜனை இப்போது ஊர் ‘பிரசிடெண்டுக்க மாப்பிள்ள’ என்கிறது. அவருக்கு அதில் ஒன்றும் குறையில்லை என்று முகம் சொன்னது. எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டதும் அவர்தான்.

ஷைனி என்னைக் குளத்துக்குக் கூட்டிப்போனாள். கிழக்குக் கரையில், அன்றைக்கு வெட்டிய இடத்தில், புதிய மடை கட்டியிருக்கிறார்கள். அவள் பதவியில் இருந்தபோது அலைந்து வாங்கியது. மடையிலிருந்து ஓடைவரை கல் பாவிய வாய்க்கால். அதன் ஓரமாக வாழைகள் மறுபடியும் குலை தள்ளி நின்றன. தங்கையன் கையில் அரிவாளோடு தோட்டத்துக்குள்ளிருந்து வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“பேப்பர்க்காரம்மா இல்லியா? ஒங்களட்ட ஒரு பரிபவம் உண்டு, ஒரு மனக்கொறை, கேட்டியளா.”

“சொல்லுங்க” என்றேன்.

“அன்னைக்கு நீங்க எழுதினத நான் வச்சிருக்கேன். இவ பேரு போட்டிய, சரி. சுனிலுக்க பேரு போட்டிய. மண்ணு சொமந்த பெண்ணுவளுக்க பேரெல்லாம் போட்டிய. வெள்ளம் யாருக்க வாழையில போச்சு? ‘ஒரு விவசாயியின் தோட்டம்’னு எழுதிட்டிய. அந்த விவசாயிக்குப் பேரு இல்லியா?”

குடும்பத்துக்குள் புண்படாமல் இருக்கட்டும் என்று நான் யோசித்து யோசித்து எழுதிய வரி அது. ஷைனிதான் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தாள்.

“விடுங்க மாமா. மட கெட்டியாச்சு. இனி ஒங்க வாழைக்கு வெள்ளமும் வராது, ஒங்களுக்கு பேப்பர்ல பேரும் வராது.”

பெரியவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாய் விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தோட்டத்துக்குள் திரும்பிப் போய், எனக்கென்று ஒரு குலையை வெட்டத் தொடங்கினார்.